ஒரு புள்ளி கூடுதல்

ஆரல்வாய்மொழிச் சாவடியில் என் தோல்பையைத் திறந்த சுங்கக்காரர், உள்ளே இருந்த சாயப்பொடிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துத் தும்மினார். புகையிலை கடத்துகிறேன் என்று நினைத்திருக்கிறார். காவி, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு தும்மல் ஆன பிறகு, "இதெல்லாம் என்னதுக்கு வேய்?" என்று கேட்டார். சுவரிலும் தரையிலும் போடுகிற பழைய சித்திரங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு போகக் கொழும்பிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன்.

"இதுக்கா கடல் தாண்டி வந்தீரு? எங்க வீட்டு வாசல்ல தெனமும் ஒருத்தி போடுகா. வந்து எழுதிட்டுப் போரும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு நின்றுபோய் ஏழு மாதம் ஆகியிருந்தது. புது ராஜ்யத்துக்குள் நுழையும்போதே பகை எதற்கு என்று பல்லை மட்டும் காட்டி வைத்தேன். நான் திருநெல்வேலியில் பிறந்தவன். பதினைந்து வருஷமாகக் கொழும்புவாசி. எப்படிப் பார்த்தாலும் திருவிதாங்கூர் எனக்கு அயல்நாடுதான்.

கொழும்பில் நான் பூக்கல் கம்பெனியில் சித்திரக்காரன். சிமெண்டில் சாயம் கலந்து, பூவும் கொடியுமாக அச்சில் வார்த்து, வீட்டுத் தரையில் பதிக்கிறார்களே, அந்தப் பூக்கல். இத்தாலிக்காரனுடைய மாதிரிப் புத்தகத்தையே பத்து வருஷமாகப் புரட்டிப் புரட்டி மேனேஜருக்குச் சலித்துவிட்டது. "உன் மாமனார் ஊர்ப்பக்கம் பழைய அரண்மனையும் மலைக்கோயிலும் இருக்கிறதாமே, போய்ப் புது மாதிரிகள் கொண்டு வா" என்று அனுப்பினார். ஏழு மாதமாக நான் வேலை செய்கிற லட்சணத்தைப் பார்த்து, கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றும் நினைத்திருக்கலாம்.

இது கம்பெனி வேலை. எனக்கென்று ஒரு வேலை வேறே இருந்தது.

என் மனைவி பகவதி வைகாசியில் காய்ச்சலில் போய்விட்டாள். திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டுத் தாழக்குடிப் பெண். கல்யாணம் திருநெல்வேலியில் நடந்ததால் அவள் ஊரை நான் பார்த்ததில்லை. ஒன்பது வருஷம் கொழும்பில் எங்கள் வாசலில் தினமும் ஒரே கோலத்தைத்தான் போட்டாள். பொங்கலுக்கும் அதுதான், சித்திரைக்கும் அதுதான். ஏழு புள்ளி, ஏழு வரிசை. வலது கீழ்மூலைக்கு வெளியே தனியாக இன்னொரு புள்ளி. கை எடுக்காமல் ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றி, கடைசியில் அந்தத் தனிப்புள்ளியையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடங்கின இடத்துக்கே வந்து சேரும்.

நான் படம் வரைந்து பிழைக்கிறவன். கணக்குத் தப்பினால் கண் உறுத்தும். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், "ஒரு புள்ளி கூடுதல்" என்பேன். "இருக்கட்டும். அது இல்லாட்டா கோடு வீடு வந்து சேராது" என்று சிரிப்பாள். ஒன்பது வருஷமும் இதே பேச்சு, இதே பதில்.

படுக்கையில் விழுந்த மூன்றாம் வாரம், "வாசல் வெறிச்சுன்னு கெடக்கு. இன்னைக்கு நீங்க போடுங்களேன். ஒங்களுக்குத்தான் அது தெரியுமே" என்றாள். "சித்திரக்காரன் என்றால் கோலமும் போடவேண்டுமா? பொம்பளை வேலையை என்னிடம் சொல்லாதே" என்று சொல்லிவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்க நாளும் இல்லை.

வருகிற வைகாசியில் முதல் வருஷத் திவசம். அன்றோடு துக்கம் கழிந்து வாசலில் மறுபடி கோலம் விழும். பக்கத்து வீட்டு அம்மாள் தான் போட்டுத் தருவதாகச் சொன்னாள். எனக்கு அவள் கோலம் வேண்டாம். பகவதியின் கோலம்தான் வேண்டும். பென்சிலை எடுத்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஓரமெல்லாம் வருகிறது, நடுப்பகுதி வரவில்லை. எத்தனை தாளைக் கிழித்தும் வரவில்லை. நடுவில்தான் தினமும் என் செருப்பு விழும்.

ஊர்க்கோலம்தானே, அவள் ஊரில் யாருக்காவது தெரியாமலா இருக்கும் என்று நினைத்து, அந்தப் பாதிக் கோலத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

சாவடி தாண்டி ஒரு மைல் போனதும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அதன் அடியில் படுத்துக்கொண்டு, அதனுடைய பரம்பரையையே திட்டினார். ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினோம். தோவாளைப் பூக்காரி ஒருத்தி கூடையோடு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, "நல்லாத் தள்ளுங்க வேய், பூ வாடுகு" என்று அதட்டினாள். இரண்டு பக்கமும் மலை, நடுவில் பச்சைப் பசேலென்று மார்கழி வயல். பகவதி இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள். கொழும்பிலும் பச்சைக்கு என்ன குறை என்று நான் வாயடைப்பேன். இப்போது பார்த்தால் இது வேறு பச்சைதான். சொல்ல ஆள் இல்லை.

தாழக்குடிக்குத் திரும்புகிற பாதை வந்தது. பகவதியின் பெற்றோர் இப்போது இல்லை. தங்கை தாணம்மை வாழ்க்கைப்பட்டதும் அதே ஊரில்தான். அங்கே இறங்கியிருக்க வேண்டும். பகவதி இறந்த செய்தியை அவளுக்கு நாலு வரிக் கார்டில் எழுதிப் போட்டவன் நான். அதற்குப் பதில் வரவில்லை. எந்த முகத்தோடு போவது? வயலைப் பார்ப்பதுபோல மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் நாகர்கோவிலுக்குப் போய்விட்டது.

கோட்டாற்றில் மீரான் பிள்ளை வீட்டில் தங்கினேன். கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையை மருமகனிடம் விட்டுவிட்டு ஊரோடு வந்து வீடு கட்டிக்கொண்டார். வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒத்தையிலயா வந்திய? அந்தப் பிள்ள கையால எத்தன நாள் புளிக்கறி சாப்பிட்டிருக்கேன். மண்ணாப் போற காய்ச்சலு."

வழியெல்லாம் அடக்கி வைத்திருந்தது அங்கே உடைந்துவிட்டது. அவர் என் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவர் வீட்டுச் சுவரில் சுண்ணாம்புச் சாந்தால் கொடி ஓட்டியிருந்தார்கள். இலை, மொட்டு, சுருள் எல்லாம் உண்டு. கிளியோ மயிலோ கிடையாது. உயிருள்ளதை வரைய மாட்டார்கள். கூடத்துத் தரை எங்கள் கம்பெனிப் பூக்கல், மாதிரி என்னுடையது. ஆப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுவிட்டு, என் பூவின்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். பூக்கல் எப்படிச் சேருகிறது என்று அவர் கேட்டார். ஒற்றைக் கல்லைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, நான்கைச் சேர்த்து வைத்தால்தான் பூ முழுசாகும், மூலை சேராவிட்டால் கல் குப்பைக்குத்தான் போகும் என்றேன்.

"நீங்க போட்டது சேராமப் போயிருக்கா?"

போயிருக்கிறது. நான் கம்பெனிக்கு வரைந்த முதல் மாதிரியே சேரவில்லை. கல்யாணமாகி மூன்று மாதம். ராப்பகலாக உட்கார்ந்து ஒரு கொடி வரைந்தேன். நான்கு தாளைச் சேர்த்து வைத்தால் ஒரு மூலையில் கொடி அறுந்து நின்றது. மேனேஜர் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "இது கொடியா, வழி தப்பின ஆடா?" என்று கேட்டார். சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை, பகவதியோடு பேசவும் இல்லை. அந்தத் தாள் அடுப்புக்குப் போயிருக்கும். பிறகு எத்தனையோ மாதிரி வரைந்துவிட்டேன், அதை நினைப்பதே இல்லை.

என் பாதிக் கோலத்தை மீரான் பிள்ளை கையில் வாங்கிப் பார்த்தார். "ஓரமெல்லாம் இருக்கு. நடு எங்க?"

"அதுதான் மறந்துவிட்டது."

"ஒம்பது வருசம் தெனமும் பாத்தது எப்பிடி அண்ணாச்சி மறக்கும்?"

"பார்க்கவில்லை பிள்ளை. மிதித்தேன்."

அவர் தாளை மடித்து என் பையில் வைத்துவிட்டு, உள்ளே பார்த்து இன்னொரு ஆப்பம் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் வேளாளர் தெருக்களில் சுற்றினேன். மார்கழி மாதம் அல்லவா, வாசலுக்கு வாசல் கோலம். சாண உருண்டையில் பூசணிப்பூ. குனிந்து குனிந்து பார்த்துத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டு போனேன். ஒரு வீட்டில் நடுவயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏ ஆளு, காலங்காத்தால பொம்பளைய கோலத்த என்ன எட்டிப் பாக்குதீரு? ஜமுக்காளம் விக்க வந்தீரா, திருட வந்தீரா?" என்று கேட்டாள்.

பாதிக் கோலத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் இளகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டாள். ஐந்தாறு பேர் கூடி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

"இது நம்ம பக்கத்துக் கோலமே இல்லட்டி."

"மதுரைப் பக்கமாட்டு இருக்குமோ?"

"இந்தத் தனிப்புள்ளி என்னது, தப்பா வச்சிருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷம் நான் சொன்னதுதான். இன்னொருத்தி சொன்னபோது பொறுக்கவில்லை. தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பகவதி ஊர்க்கோலம் இல்லை என்றால் பின்னே யாருடைய கோலம்? தாழக்குடிக்குப் போனால் தெரிந்துவிடும். நானோ கம்பெனி வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு, மேற்கே பத்மநாபபுரத்துக்கு வண்டி ஏறினேன்.

அரண்மனைக் காவலர் மலையாளம்தான் பேசினார். அவர் சொன்னதன் சாரம்: செருப்பை வெளியே விடு, தூணைத் தொடாதே, வழுக்கி விழுந்தால் நான் பொறுப்பில்லை. நவராத்திரி மண்டபத்தில் கால் வைத்ததும் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிந்தது. தரை முழுக்கக் கறுப்பு. சுண்ணாம்போடு சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் இன்னும் என்னென்னவோ சேர்த்து, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுக்கம் என்றார். தூண்களெல்லாம் தரைக்குக் கீழேயும் தலைகீழாக நின்றன. அவற்றுக்கு நடுவில் எண்ணெய் காணாத தலையும் பாதி நரைத்த தாடியுமாக ஓர் ஆள் என்னைப் பார்த்தான். ஏழு மாதமாக நான் கண்ணாடியே பார்க்கவில்லை போலிருக்கிறது.

அந்தத் தரையில் பூவும் இல்லை, கோடும் இல்லை. தாளில் 'கறுப்பு' என்று மட்டும் எழுதினேன். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேனேஜர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நல்லவேளையாக, முகப்பு மண்டபத்து மரக்கூரையில் வரிசை வரிசையாகத் தாமரைகள் செதுக்கியிருந்தார்கள். ஒன்றைப்போல ஒன்று இல்லை. கழுத்து வலிக்க மல்லாந்து பார்த்து ஐந்தை எழுதிக்கொண்டேன். மேல்மாடிச் சுவரில் சாமிச் சித்திரங்கள் இருக்கின்றனவாம். அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று காவலர் கையை விரித்துவிட்டார்.

பத்மநாபபுரத்தில் கிடைத்த சோறும் தீயலும் நன்றாகவே இருந்தன. வறுத்த தேங்காய் மணக்கும் அந்தத் தீயலைப் பகவதி வாரத்துக்கு இரண்டு தடவை வைப்பாள். கொழும்புத் தேங்காயில் அந்த ருசி வரவில்லை என்று ஒவ்வொரு தடவையும் குறைப்படுவாள்.  இங்கே வந்து சாப்பிட்ட பிறகும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவள் சமையலில் ஊர் ருசி இருந்தது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம்.

மேனேஜர் சொன்ன மலைக்கோயில் இருக்கிற சிதறாலுக்கு மாட்டுவண்டி. மேற்கே போகப் போக நிலம் மேடும் பள்ளமுமாகிவிட்டது. ஒரு ஏற்றத்தில் இடது மாடு படுத்துக்கொண்டது. வண்டிக்காரர் அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் தாமும் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். "அதுக்குத் தோணச்சில எந்திரிக்கும்" என்றார். முக்கால் மணி நேரம் கழித்து அதற்குத் தோன்றியது.

மலைமேல் பெரிய பாறை ஒன்று கூரைபோல நீண்டு நிற்கிறது. அதன் சுவரில் வரிசையாகச் சமண முனிவர்கள். முக்குடைக்குக் கீழே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் சிற்றுருவங்கள், ஓரத்தில் கொடி வளைவு. சுண்ணாம்புமில்லை, சாயமுமில்லை, உளி ஒன்றுதான். எத்தனை நூறு வருஷமோ. மழையும் வெயிலும் மூக்கைக் கொஞ்சம் தேய்த்திருக்கின்றன, அவ்வளவுதான். ஒன்பது வருஷம் தினமும் அழிந்து தினமும் வந்த ஒரு கோலம் ஏழு மாதத்தில் இல்லாமல் போய்விட்டதே என்று அங்கே உட்கார்ந்து அழுதேன். முனிவர்கள் யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

சமணர் போன பிறகு அங்கே அம்மன் வந்துவிட்டாள். ஊரார் அதைப் பகவதி கோயில் என்றுதான் சொல்கிறார்கள். இறங்கும்போது படியில் கால் இடறிய இடமெல்லாம் வண்டிக்காரர், "பகவதியே! எம் பகவதியே!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன்.

மலையடிவாரத்தில் ஒரு பெண் ஓலைக்கொட்டகை போட்டு, மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு மீன்கறி வேண்டாம், மிளகாய்ச் சட்னி போதும் என்றதும், பக்கத்தில் இருந்தவளிடம், "மீனு கூட்டாம கெழங்கு தின்னுத ஆளப் பாத்துக்கோ" என்று முணுமுணுத்தாள். அவளிடமும் பாதிக் கோலத்தைக் காட்டினேன்.

"நாங்க வேதக்காரங்க. எங்க வீட்டுல கோலம் கெடையாது. சாணி மெழுகுததோட செரி" என்று கழுத்துச் சிலுவையைத் தொட்டுக் காட்டினாள்.

கொட்டகைத் தரையைப் பார்த்தேன். சாணத்தில் கரி சேர்த்து அன்று காலையில்தான் மெழுகியிருந்தாள். கை போன இடமெல்லாம் அரைவட்டம் அரைவட்டமாக, மீன் செதிள்போல அடுக்கி வந்திருந்தது. ஒரு வளைவு பெரிசு, ஒன்று சிறிசு என்று சொல்ல முடியாது. தாளை எடுத்து அதை எழுத ஆரம்பித்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத என்னதுக்கு எழுதுதிய? எங்கையி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்க வீட்டுக்காரிக்கு ஒடப்பெறந்தவ இல்லியா? அவளுக்கு ஓர்மை இருக்குமே. அங்க போவாம இங்க வந்து கல்லுகிட்டயும் எங்கிட்டயும் கேட்டா?" என்றாள்.

ஞாபகத்துக்கு அவர்கள் சொல்வது ஓர்மை. முன்பின் தெரியாத கிழங்குக்காரி இரண்டு வார்த்தையில் என்னைப் பிடித்துவிட்டாள். மறுநாளே கிழக்கே திரும்பினேன்.

தாழக்குடியில் தாணம்மை வீட்டு வாசலில் கோலம் இருந்தது. என் கண் முதலில் அங்கேதான் போயிற்று. அது பகவதியின் கோலம் இல்லை. கதவைத் தட்டினேன். தாணம்மை வந்து நின்றாள். மூக்கும் நெற்றியும் அக்காவுடையதுதான். என்னைப் பார்த்துவிட்டு வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அந்தக் கார்ட அன்னைக்கே கிழிச்சுப் போட்டேன் அத்தான். எழவுக் கடுதாசிய வீட்டுக்குள்ள வைக்கப்பிடாதுல்லா" என்றாள்.

நான் வாசலிலேயே நின்றேன்.

"நாலு வரி. எங்கக்கா எப்பிடிப் போனா, என்ன கேட்டா, யாரு பக்கத்துல இருந்தா, ஒண்ணும் இல்ல. மாடு செத்தாக்கூட இதவிடக் கூட எழுதுவாங்க."

"எழுதக் கை வரவில்லை தாணம்மை."

"படம் மட்டும் வருமோ?"

  கேட்டுவிட்டு அவள் கதவை விட்டு விலகி வழிவிட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் கணவர் வயலுக்குப் போயிருந்தார். கருப்பட்டிக் காப்பி வந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் வந்த நாள், வைத்தியர் சொன்னது, பகவதி சுக்குவெந்நீர் கேட்டது, கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது, எல்லாம். கோலம் போடச் சொன்னதையும் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் மறைக்கவில்லை. தாணம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அந்தக் கோலத்துக்கு என்ன இப்போ?" என்றாள்.

பாதிக் கோலத்தை நீட்டினேன். "உங்கள் அம்மா வழிக் கோலமா இது? நடுப்பகுதி உனக்குத் தெரியுமா?"

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய், தகரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து திறந்தாள். அக்கா எழுதிய கடிதங்களையெல்லாம் நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். அடியிலிருந்து ஒன்றை உருவினாள். கல்யாணமான வருஷத்துக் கடிதம். பின்பக்கத்தில் கோலம் முழுசாக இருந்தது. ஏழு புள்ளி, ஏழு வரிசை, வெளியே ஒரு புள்ளி.

நடுவைப் பார்த்தேன். கோடு மேலே ஏறி, இரண்டாக மடங்கி, ஒன்றை ஒன்று தாண்டி இறங்கியது. எங்கேயோ பார்த்த வளைவு. புள்ளிகளைக் கையால் மறைத்துக்கொண்டு கோட்டை மட்டும் பார்த்தேன். கொடி. வழி தப்பின ஆடு என்று மேனேஜர் தூக்கிக் காட்டினாரே, அந்தக் கொடி. அறுந்து நின்ற அதே மூலையில் ஒரு புள்ளியைக் கூட்டி வைத்து, கோட்டை அதைச் சுற்றி வரச்செய்து, வீட்டுக்குள் திருப்பிக் கொண்டு வந்திருந்தாள்.

கடிதத்தைப் படிக்கச் சொல்லி, தாணம்மை ஓரிடத்தில் விரலை வைத்தாள். பகவதியின் கையெழுத்து:

'அவங்க மொதமொதல்ல வரைஞ்ச படத்த ஆபீஸ்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாளு அவங்களுக்குச் சோறு எறங்கல. நான் அதுக்குப் புள்ளி வச்சுப் பாத்தேன். ஒரு புள்ளி சேத்தா சரியா வருது. அன்னையிலிருந்து எங்க வீட்டு வாசல்ல இதுதான். நான் ஒண்ணும் சொல்லல. தான் போட்ட படம் தனக்குத் தெரியாமலா இருக்கும்? வெளிய காட்டிக்க மாட்டாங்க. ஒரு புள்ளி கூடுதல்னு தெனமும் கேலி பண்ணுவாங்க. அப்போ மொகத்துல ஒரு சிரிப்பு வரும். எனக்கு அது போதும்.'

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை எழுத்துத் தெரியவில்லை. 'ஒங்களுக்குத்தான் அது தெரியுமே' என்று படுக்கையிலிருந்து அவள் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தாணம்மை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்குத் தெரியும்லா அத்தான்? அக்கா போட்டது ஒங்க படம்னு?"

"தெரியும்" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். அதுவரை இறுகி இருந்த முகம் தளர்ந்தது. "அது போதும்" என்று அக்கா எழுதியதையே சொல்லிவிட்டு, எனக்கு இலை போட எழுந்து போனாள். அவியல், பருப்பு, மட்டிப்பழம் என்று வைத்துக்கொண்டே இருந்தாள். பொய் சொன்ன வாயால் எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

கடிதத்தைக் கேட்டேன். தரமாட்டேன் என்றாள். "கோலத்தப் பாத்து எழுதிக்கிடுங்க. கடுதாசி எனக்கு எழுதினது." நியாயம்தான். என் பாதிக் கோலத் தாளிலேயே கோட்டுக்குக் கோடு பார்த்து நடுவை எழுதிக்கொண்டேன். முற்றத்து வெளிச்சத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தப்பாக வளைத்த ஓர் இடத்தைத் திருத்தினாள். கிளம்பும்போது, "வருசத்துக்கு வர முடியாது அத்தான், கடல் தாண்டி யாரு விடுவா? அன்னைக்கு வாசல்ல இது இருக்கணும்" என்றாள்.

திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழியில் அதே சுங்கக்காரர். என் தாள்களைப் புரட்டினார். ஒவ்வொரு தாளின் கீழும் நான் ஊர் எழுதி வைத்திருந்தேன். கோட்டாறு, வீட்டுச் சுவர். பத்மநாபபுரம், கூரைத் தாமரை. சிதறால், பாறை ஓரம். சிதறால் அடிவாரம், சாணத் தரை. கடைசித் தாளில், கொழும்பிலிருந்து புறப்படும் முன்பே எழுதியது: 'தாழக்குடி, பகவதியின் ஊர்க்கோலம்.'

"கெடச்சிட்டுல்லா?" என்றார். "கிடைத்தது" என்றேன். இந்தத் தடவை தும்மவில்லை.

பஸ் வரும்வரை சாவடித் திண்டில் உட்கார்ந்து அந்தக் கடைசி வரியை அடித்தேன். அதன் கீழே எழுதினேன்: 'வரைந்தவன் நான். சரி செய்தவள் பகவதி.'

கொழும்பில் மேனேஜர் எல்லாத் தாளையும் மேசையில் பரப்பினார். 'கறுப்பு' என்று எழுதியதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். தாமரைகளை எடுத்து வைத்துக்கொண்டார். கடைசித் தாளில் வெகுநேரம் நின்றார். அது தாம் வேண்டாம் என்று தள்ளிய கொடிதான் என்று அவருக்கும் தெரியவில்லை.

"இது நன்றாக இருக்கிறதே. இந்த ஒற்றைப் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டால் அச்சுக்குப் போகலாம்."

"அதை எடுத்தால் கோடு வீடு வந்து சேராது" என்று சொல்லி, தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கட்டுரை தாணம்மை கையில் கிடைத்தாலும் கிடைக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவள். தெரியும் என்று நான் அவளிடம் சொன்னது பொய். எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடத் தெரியாது. என் மனைவி எனக்காகப் போட்டதை நான் மிதித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். இதைத் தாணம்மைக்குக் கார்டில் எழுத இடம் போதாது.

வைகாசியில் வருஷம் திரும்பியது. விடிந்ததும் வாசலைத் தெளித்துப் பெருக்கிவிட்டு, கோலமாவைக் கையில் எடுத்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஆண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஓடிவந்தாள். இருக்கட்டும் என்றேன். மூலையில் அந்தக் கூடுதல் புள்ளியைத்தான் முதலில் வைத்தேன். மற்ற நாற்பத்தொன்பதையும் அதற்குப் பிறகு வைத்தேன்.